சி125.9 கிராஃபில் வெர்டெக்ஸ் கவர் 91 வர மாட்டேன் என்கிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். மினிமம் வெர்டெக்ஸ் கவருக்கு (எல்லா எட்ஜையும் தொடும் மிகச் சிறிய நோடு தொகுதி) ப்ராஞ்ச் அண்ட் பவுண்ட் முறையில் சி++-இல் ஒரு சால்வர் எழுதி, டிமாக்ஸ் (அல்காரிதம் போட்டிகளுக்கான சோதனை கிராஃப்) கோப்புகளில் ஓட்டிப் பார்க்கிறேன். சி125.9-க்குக் கட்டுரைகளில் 91 என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு 120-ஐத் தாண்டுகிறது. வந்த கவரைத் தனி நிரலில் சோதித்தேன், விடுபட்ட எட்ஜ் ஒன்றுகூட இல்லை. கையால் வரைந்த சின்ன கிராஃப்களிலும் விடை சரி. குயீன்5_5 என்ற கோப்பில் இன்னொரு குழப்பம்: 160 எட்ஜ் என்கிறார்கள், கோப்பின் 'பி' வரியில் (நோடு, எட்ஜ் எண்ணிக்கை தரும் வரி) 320 இருக்கிறது. எங்கே பார்க்கட்டும்?

பதில் 1:
சால்வரை நோண்ட வேண்டாம் நண்பரே, கோப்பு எதற்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். சி125.9 இரண்டாவது டிமாக்ஸ் சேலஞ்சில் (1992-93) மேக்ஸிமம் க்ளீக்குக்கு (ஒன்றோடொன்று எல்லாமே இணைந்த மிகப் பெரிய நோடு தொகுதி) வைத்த கிராஃப். அதில் 125 நோடு, 6963 எட்ஜ். கட்டுரைகள் வெர்டெக்ஸ் கவர் என்று சொல்வது அதன் காம்ப்ளிமென்டுக்கு (எட்ஜ் உள்ள ஜோடிகளில் நீக்கி, இல்லாதவற்றில் போட்ட கிராஃப்). 125 நோடுக்கு மொத்தம் 7750 ஜோடி வரும், 6963 போனால் மிச்சம் 787 எட்ஜ். இதில் ஓட்டுங்கள். மூல கிராஃபின் பெரிய க்ளீக் 34, அந்த நோடுகளுக்கிடையே காம்ப்ளிமென்டில் எட்ஜே இராது, அதனால் கவர் 125 − 34 = 91.

குயீன் கோப்பு கலரிங்குக்கு (இணைந்த நோடுகளுக்கு வேறு நிறம் தரும் கணக்கு) வந்தது. ஒரே எட்ஜை இரண்டு திசையிலும் எழுதியிருப்பார்கள்: 'இ 1 7' இருந்தால் கீழே 'இ 7 1'-உம் இருக்கும். இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். அட்ஜசென்ஸி லிஸ்டில் அப்படியே போட்டால் எல்லா டிகிரியும் (நோடைத் தொடும் எட்ஜ் எண்ணிக்கை) இரட்டிப்பாகும். விடை மாறாது, ஆனால் டிகிரி 1 ரிடக்‌ஷன் (ஒரே எட்ஜ் உள்ள நோடை வைத்து கிராஃபைச் சுருக்கும் விதி) ஒருநாளும் வேலை செய்யாது. சால்வர் மெதுவாக ஓடும், ஏன் என்றே தெரியாது. படித்தவுடன் சார்ட் செய்து டூப்ளிகேட்டை நீக்குங்கள்.

கேட்டவர்:
787 வந்தது, விடையும் 91! மிக்க நன்றி. அப்புறம் ப்ரோக்800_4 (இன்னொரு டிமாக்ஸ் க்ளீக் கிராஃப், 800 நோடு): காம்ப்ளிமென்டில் லோக்கல் சர்ச் 779-இலேயே நிற்கிறது. அறியப்பட்ட விடை 774. விதை எண்ணை (ரேண்டம் சீட்) மாற்றினாலும் அதே கதை.

பதில் 2:
779 என்றால் 21 அளவுள்ள க்ளீக். பலருடைய சர்ச்சும் அங்கேதான் மாட்டும். ப்ரோக் வரிசையில் பெரிய க்ளீக்கை வேண்டுமென்றே ஒளித்து வைத்திருக்கிறார்கள்: அந்த 26 நோடுகளின் டிகிரி பொதுவாகச் சராசரியைவிடக் குறைவு. டிகிரி அதிகமானதை முதலில் எடுக்கும் எந்த முறையும் எதிர்த்திசையில் போகும். அடிக்கடி தேர்வாகும் நோடுக்குப் பெனால்ட்டி ஏற்றிப் பாருங்கள், நல்ல மாற்றம் தெரியும்.

ஆனால் இந்த ஒரு வரிசைக்காக சால்வரை வளைக்காதீர்கள். ரிடக்‌ஷன் விதிகளைச் சோதிக்க ப்ரோக் உதவாது, காம்ப்ளிமென்டிலும் டிகிரி மிக அதிகம், விதிக்கு வேலையே இருக்காது. அதற்கு பேஸ் 2019 என்ற அல்காரிதம் போட்டியின் வெர்டெக்ஸ் கவர் கிராஃப்களை எடுங்கள். 200 கிராஃப், பாதி முதலிலேயே வெளியிடப்பட்டவை, ஒவ்வொன்றுக்கும் 30 நிமிடம். முதல் பரிசு வாங்கிய சால்வரும் ரிடக்‌ஷனில் சுருக்கிய பிறகு, மிஞ்சியதன் காம்ப்ளிமென்டை க்ளீக் சால்வரிடம் கொடுத்தது.

கேட்டவர்:
அதைத்தான் இறக்கினேன், முதல் வரியிலேயே பார்சர் நின்றுவிட்டது.

பதில் 2:
அங்கே 'பி எட்ஜ்' இல்லை, 'பி டிடி' என்று இருக்கும். எட்ஜ் வரிகளிலும் 'இ' கிடையாது, வெறும் இரண்டு எண்கள். 'பி'-க்கு அடுத்த சொல்லைப் படித்துத் தள்ளிவிடுங்கள், 'சி' என்று தொடங்கும் வரிகளைத் தாண்டுங்கள். நோடு எண் 1-இலிருந்துதான்.