பைன் ரிட்ஜ் தாத்தாவை வழியனுப்ப உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் பழங்குடிப் பகுதியில் இருக்கும் பள்ளிக்கு நான் வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பனியில் புதைந்த என் காரைத் தோண்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் சூடாக சூப்பும் ஊற்றிக் கொடுத்த லகோட்டா பழங்குடித் தாத்தா நேற்று இரவு தவறிவிட்டார். 1973-இல் பழங்குடி உரிமைப் போராளிகள் வூண்டட் நீ ஊரைப் பிடித்து வைத்திருந்த முற்றுகையின் 71 நாட்களையும் கண்ணால் பார்த்தவர், கடைசிவரை பிள்ளைகளுக்குத் தன் மொழியைச் சொல்லிக்கொடுத்தவர்.

இங்கே துக்க வீட்டில் இரண்டு இரவு உடலோடு விழித்திருப்பார்கள், வருகிற அத்தனை பேருக்கும் சாப்பாடு போட வேண்டும். சவப்பெட்டி மேல் போர்த்த நட்சத்திரப் போர்வையை அவர் பேத்தி அழுதுகொண்டே தைக்கிறாள். சவப்பெட்டி, சாப்பாடு, அடக்கச் செலவு எல்லாம் சேர்த்து அந்தக் குடும்பத்தால் முடியவே முடியாது. பத்து டாலரானாலும் சரி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். விவரம் உள்பெட்டியில் தருகிறேன், அப்புறம் பில்லையெல்லாம் இங்கேயே போடுகிறேன்.