கூட்டாளி நாட்டு மக்களைக் கோழைகள் என்று காட்டிய அமெரிக்க ஊடகங்கள்: அது வெறும் கிண்டல்தானா?

மழைக்காகம்:
2003 தொடக்கத்தில் அமெரிக்காவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஈராக் மீது படையெடுக்கப் போகிறார்கள் என்று ஊரே பேசிய நேரம். எங்கள் ஆய்வகத்தில் பிரான்சிலிருந்து வந்த பெண் ஒருவர் இருந்தார், பேருந்தில் தன் நாட்டுத் தோழியோடு பிரெஞ்சில் சளசளவென்று பேசிக்கொண்டே வருவார். பிப்ரவரி நடுவில் பார்த்தால் இருவரும் ஆங்கிலத்தில், அதுவும் காதோடு காதாகப் பேசுகிறார்கள். ஏன் என்று கேட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "சரணடைய மட்டும்தானே உங்களுக்குத் தெரியும்" என்றாராம். இரண்டாம் உலகப் போரில், 1940-இல், பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றுப் பணிந்ததைக் குத்திக்காட்டும் பேச்சு அது.

அந்த ஆள் அதைச் சொந்தமாக யோசித்துச் சொல்லவில்லை. அந்த மாதம் நியூயார்க் போஸ்ட் நாளிதழின் முதல் பக்கத்தில், ஐ.நா. பாதுகாப்புச் சபையில் இருந்த பிரான்ஸ், ஜெர்மனி பிரதிநிதிகளின் தலை இருக்க வேண்டிய இடத்தில் வீசல் என்ற கீரி போன்ற விலங்கின் தலையை ஒட்டி அச்சிட்டார்கள். நழுவுகிறவனை அங்கே அப்படித்தான் திட்டுவார்கள். அதற்குச் சில நாள் முன்னால் பிரான்சின் நார்மண்டியில், இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் கல்லறைப் படத்தைப் போட்டு, இவர்கள் பிரான்சுக்காக உயிர்விட்டார்கள், பிரான்ஸ் மறந்துவிட்டது என்று எழுதினார்கள். ஈராக் போருக்கு ஆதரவில்லை என்று சொன்னது பிரெஞ்சு அரசு. அதை விளாசுங்கள், தப்பில்லை. ஒரு மக்கள் கூட்டத்தையே கோழைகள், நன்றிகெட்டவர்கள் என்று வரைந்தது எந்த வகையில் நியாயம்?

பனையோலை:
நண்பரே, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அந்தப் பெண்ணுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் ஒன்றரை வருடத்துக்கு முன்னால், செப்டம்பர் 11 தாக்குதலில், ஒரே காலையில் ஏறக்குறைய 3,000 பேரைப் பறிகொடுத்த நாடு அது, கூடவே நிற்பான் என்று நம்பியவன் சபை நடுவில் எதிர்த்துப் பேசினால் கோபம் வரும், பத்திரிகை அந்தக் கோபத்தைத்தான் அச்சடித்தது. கல்லறைப் படம் எனக்குத் தப்பாகவே படவில்லை. நார்மண்டியின் கொல்வில்-சுர்-மேர் கல்லறையில் மட்டும் 9,300-க்கு மேல் அமெரிக்கர்கள் கிடக்கிறார்கள். அந்தக் குடும்பங்களுக்கு அது வெறும் படம் இல்லை.

அப்புறம், இது ஒருவழிப் பாதையா? 2001 செப்டம்பர் 13 அன்று பிரெஞ்சு நாளிதழ் லெ மோந்த் "நாம் எல்லோரும் அமெரிக்கர்கள்" என்று எழுதியது, சரி. ஆறு மாதம் கழித்து, அந்தத் தாக்குதலில் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பெண்டகன் மீது விமானமே மோதவில்லை என்று சொல்லும் ஒரு புத்தகம் அதே பிரான்சில் சக்கைப்போடு போட்டது, எழுதியவர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து விளக்கம் கொடுத்தார். அமெரிக்கன் என்றாலே துப்பாக்கி தூக்கிய முரடன் என்று பிரெஞ்சுக்காரர்கள் படம் போட்டதே இல்லையா?

மழைக்காகம்:
போட்டார்கள், மறுக்கவில்லை, அதுவும் தப்புதான். ஆனால் அந்தப் புத்தகத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியதும் லெ மோந்தும் லிபெராசியோன் என்ற இன்னொரு பிரெஞ்சு நாளிதழும்தான். அந்தப் பொய்யை அவர்கள் ஊடகமே எதிர்த்து நின்றது. அமெரிக்காவில் "சரணடைகிறவர்கள்" என்ற பொய்யை எத்தனை பேர் எதிர்த்தார்கள்?

ஆமாம், பொய் என்றுதான் சொல்கிறேன். 1940 மே மாதக் கடைசியில் பிரான்சின் லில் நகரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். டன்கர்க் கடற்கரையில் ஆங்கிலேயப் படை கப்பலுக்காகக் காத்துக்கிடந்தபோது, பிரெஞ்சு முதலாம் படையில் மிச்சம் இருந்தவர்கள் லில்லில் சுற்றி வளைக்கப்பட்டு, 31-ஆம் தேதி வரை தாக்குப்பிடித்து, ஜெர்மன் டிவிஷன்கள் பலவற்றை அங்கேயே கட்டிப்போட்டார்கள். கடைசியில் குண்டு தீர்ந்துதான் பணிந்தார்கள். எதிரித் தளபதியே மரியாதை கொடுத்து, அவர்கள் கையில் துப்பாக்கியோடு நகரச் சதுக்கத்தில் அணிவகுத்துப் போக அனுமதித்தார். டன்கர்க்கிலிருந்து 3,38,000 பேர் தப்பினார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதில் இந்த ஆட்களின் பங்கு இருக்கிறது. ஆறு வாரப் போரில் 50,000-க்கு மேல் பிரெஞ்சு வீரர்கள் செத்தார்கள். தலைமை சொதப்பியது, நாடு தோற்றது. அதற்காகச் செத்தவனைக் கோழை என்பதா? முதல் உலகப் போரில் 13 லட்சம் பேரை இழந்த நாடு அது!

தெற்குச்சீமை:
இடையில் வருவதற்கு மன்னியுங்கள். மழைக்காகம் அண்ணே சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவுக்கு ஜப்பானும் ஒப்பந்தம் போட்ட கூட்டாளிதான். 1980-களில் ஜப்பான் கார் நம் வேலையைத் தின்கிறது என்று செய்தியிலும் மேடையிலும் ஒரே பேச்சு. 1982-இல் டெட்ராய்ட் பக்கம் வின்சென்ட் சின் என்ற 27 வயதுப் பையனை, கார்த் தொழிலில் இருந்த இருவர் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள், சில நாளில் இறந்துபோனான். அவன் ஜப்பானியன்கூட இல்லை, சீன வம்சாவளி. அடித்தவர்களுக்கு மாநில நீதிமன்றம் தந்தது நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். ஒரு முகத்தை வெறுக்கச் சொல்லிக் கொடுத்தால், அடிக்கிறவன் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டா அடிப்பான்?

பனையோலை:
தம்பி, அந்தக் கொலையைப் படிக்கும்போது எனக்கும் வயிறு கலங்கும். ஆனால் அதைப் பத்திரிகைத் தலையில் கட்டுவது அநியாயம். வேலை போன ஆத்திரம், குடிபோதை, கோட்டைவிட்ட நீதிபதி, எல்லாம் அதில் இருக்கிறது. கோபமே கூடாது என்றும் சொல்ல முடியாது. 1987-இல் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் நாடாளுமன்ற வாசலில் ஜப்பானின் தோஷிபா நிறுவன ரேடியோவைச் சம்மட்டியால் உடைத்தார்களே, பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனால் தோஷிபாவின் துணை நிறுவனம் நீர்மூழ்கிக் கப்பல் சுழலி செய்யும் இயந்திரங்களைத் தடையை மீறி சோவியத்துக்கு விற்றது உண்மை. அதை எழுதாமல் இருக்க முடியுமா?

பிரான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். காலப் என்ற நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் பிரான்சைப் பற்றி நல்ல எண்ணம் வைத்திருந்த அமெரிக்கர்கள் 2002-இல் 79 சதவீதம், 2003 மார்ச்சில் 34. சரிந்ததுதான். ஆனால் சில வருடத்தில் ஏறி, பிறகு 80-ஐயும் தாண்டியது. கூட்டாளிகளுக்குள் சண்டை வரும், கிண்டல் வரும், அடங்கும்.

மழைக்காகம்:
ஒரே வருடத்தில் பாதிக்கு மேல் சரிந்த கணக்கை நீங்களே கொடுக்கிறீர்கள். அது கிண்டலால் மட்டும் சரியவில்லை. 2003 மே மாதம் பிரெஞ்சுத் தூதர் ழான்-தாவித் லெவித் அமெரிக்க அரசுக்கும் காங்கிரசுக்கும் ஒரு புகார்க் கடிதம் எழுதினார். தப்பியோடும் சதாம் ஆட்களுக்கு பிரான்ஸ் கடவுச்சீட்டு கொடுத்தது என்பது மாதிரி அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த செய்திகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி, எல்லாம் பெயர் சொல்லாத அதிகாரிகளை நம்பி எழுதியவை, எதுவும் உண்மை இல்லை என்று மறுத்தார். தோஷிபா விற்றது நடந்த விஷயம், எழுதலாம். இதை எதை வைத்து எழுதினார்கள்? போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதக் குவியலும் ஈராக்கில் கிடைக்கவில்லை. 2004 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் அந்த ஆயுதங்களைப் பற்றித் தாங்கள் எழுதியதில் கவனம் போதவில்லை என்று ஒப்புக்கொண்டது. கோழை என்று திட்டு வாங்கிய மக்களிடம் யாரும் வருத்தம் சொல்லி நான் பார்க்கவில்லை.

ஒரே ஒருவர் மனதில் நிற்கிறார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உணவகத்தில் பிரெஞ்சு ஃப்ரைஸ் என்ற உருளைக்கிழங்கு வறுவலின் பெயரை, பிரான்ஸ் மீதிருந்த கோபத்தில், ஃப்ரீடம் (சுதந்திர) ஃப்ரைஸ் என்று மாற்ற வைத்த இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் வால்டர் ஜோன்ஸ். பின்னால் அந்தப் போருக்கே எதிராகத் திரும்பினார், செத்த வீரர்களின் வீடுகளுக்குக் கடிதம் எழுதினார், தன் அலுவலக வாசலில் அவர்கள் முகங்களை வரிசையாக மாட்டி வைத்தார்.

பனையோலை:
கடவுச்சீட்டுச் செய்தி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பெயர் சொல்லாத அதிகாரியை வைத்து ஒரு நட்பு நாட்டின் மீது அப்படி எழுதியது ஊடகத்தின் குற்றம்தான், அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் கல்லறைப் படத்தில் நான் மாறவில்லை. அது துக்கம், துக்கத்தைக் காட்டப் பத்திரிகைக்கு உரிமை உண்டு.

மழைக்காகம்:
துக்கம் உண்மை. "மறந்துவிட்டார்கள்" என்பதுதான் உண்மை இல்லை. நார்மண்டியில் உள்ளூர்க் குடும்பங்கள் ஆளுக்கொரு அமெரிக்கக் கல்லறையைத் தத்தெடுத்து, வருடந்தோறும் போய்ப் பூ வைக்கிறார்கள். போஸ்ட் அந்தப் படத்தைப் போடும் முன்பே அது நடந்துகொண்டிருந்தது.

பனையோலை:
இது எனக்குத் தெரியாது. அந்த முதல் பக்கத்துக்கு அடுத்த நாள் இதையும் யாராவது பெரிதாகப் போட்டிருந்தால், பேருந்தில் அந்தப் பெண்ணிடம் அப்படிச் சொன்ன ஆளும் படித்திருப்பான்.