மறு: சுனாமி இவாக்குவேஷன் – ‘வெளியேற்றம்’ வேணாமே, ‘மேடேறல்’?

வணக்கம் ஐயா,

உங்க சுனாமி கலைச்சொல் பட்டியல்ல ‘இவாக்குவேஷன்’க்கு, அதாவது ஆபத்தான இடத்தை விட்டுப் பத்திரமான இடத்துக்குப் போறதுக்கு, ‘வெளியேற்றம்’னு குடுத்திருக்கீங்க, தீ விபத்துக்கு ஒத்துவரும், சுனாமிக்கு எனக்கு மனசு ஒப்பல. அதுல இருக்குற ‘ஏற்றம்’ தானா ஏறுறதைச் சொல்ற தன்வினைலேருந்தும் வரும், விலையேற்றம் மாதிரி, அது சரிதான். ஆனா புழக்கத்துல வெளியேற்றம்னா யாரோ வந்து நம்மள அனுப்புறதுதான். போன வாரம் ஒத்திகை நோட்டீஸ் ஒன்ன அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன், ‘குடியிருப்போர் வெளியேற்றம்’னு வந்ததும் “யாரு காலி பண்ணச் சொல்றாங்க?”ன்னு கேட்டாங்க.

கரைக்குப் பக்கத்துல கடலடியில நிலம் ஆடிச்சுன்னா முதல் அலைக்கு சில நிமிஷம்தான் இருக்கும், சைரன் ஊதறதுக்குள்ள தண்ணி வந்துடலாம், அப்ப யாரும் வந்து கூட்டிட்டுப் போக மாட்டாங்க. ரொம்ப நேரம் ஆடுற ஆட்டம், கடல் திடீர்னு உள்வாங்குறது, பெரிய இரைச்சல், இதுல எது தெரிஞ்சாலும் அதுதான் சைரன், நாமளே ஏறணும். அதனால ‘மேடேறல்’. பெயர்ப்பலகைக்கு ‘மேடேறு வழி’. சுனாமிக்கு வழிகாட்டுற பலகைப் படத்துலயே பின்னாடி அலை, முன்னாடி ஒரு ஆள் சரிவுல ஏறி ஓடுறான், சொல்லும் படமும் ஒன்னாயிடும்.

இந்தோனேசியாவுல சிமெலுவே தீவுக்காரங்களுக்கு ‘ஸ்மோங்’னு ஒரு சொல் இருக்கு. 1907ல அலை அடிச்சதுக்கப்புறம் கதையாவும் பாட்டாவும் சொல்லிச் சொல்லி, ஆட்டம் நின்னு கடல் வத்தினா மலைக்கு ஓடுங்கறது மொத்தமும் அந்த ஒத்தைச் சொல்லுக்குள்ள வந்துடுச்சு. 2004ல நிலநடுக்க மையத்துக்கு அவ்வளவு கிட்ட இருந்தும், சுமார் 78,000 பேர்ல செத்தவங்க விரல்விட்டு எண்ணுற அளவுதான். ஒரு சொல் இவ்ளோ செய்யும்ங்கறப்ப நாம ஏன் அரைகுறையா வைக்கணும்?

மேடே இல்லாத கரைக்கு என்னன்னு கேப்பீங்க. உறுதியான கான்க்ரீட் கட்டடத்துல மேல் தளத்துக்குப் போறதை ‘மாடியேறல்’னு வெச்சுக்கலாம்.

பட்டியல்ல உள்ள ‘இடர் விழிப்புணர்வு’ இருக்கட்டும். ‘ஆயத்தம்’ மட்டும் அதோட சேராம தனிச் சொல்லாவே நிக்கணும், அபாயம் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் எந்தச் சந்து வழியா ஓடணும்னு தெரியும்னு இல்ல.

பட்டியல்ல விட்டுப்போனது ஒன்னு, ‘ஆல் கிளியர்’, அதாவது ஆபத்து நீங்கிடுச்சு, இனி இறங்கலாம்ங்கற அறிவிப்பு. முதல் அலையே பெருசா இருக்கணும்னு இல்ல, அடுத்தது ஒரு மணி நேரம் கழிச்சும் வரும், அதுக்குள்ள வீட்டைப் பாக்க இறங்கிடுறாங்க. ‘ஆழிப்பேரலை’ங்கறதும் ஒரே ஒரு அலைன்னு நினைக்க வெச்சுடுது, எனக்கு சுனாமியே போதும். ‘ஆல் கிளியர்’க்கு ‘இறங்கு அறிவிப்பு’ சரிவருமா, பாத்துச் சொல்லுங்க.