பழைய நீர்ச்சறுக்குப் படகு: மேலும் பணம் போடலாமா?

கேள்வி:
மட்டக்களப்பின் பாசிக்குடாவில் ஓடிய பழைய பைபர் நீர்ச்சறுக்குப் படகொன்றை வாங்கி, கல்லடியில் திருத்தக் கொடுத்தேன். மேற்பூச்சுக்கும் இருக்கைகளுக்குமாக 3 இலட்சம் ரூபாய் என்று வாய்ப்பேச்சில் முடித்திருந்தோம். இப்போது தளத்தை அறுத்துப் பார்த்துவிட்டு, அடியில் நீளவாக்கில் ஓடும் மரச்சட்டங்கள் உக்கிப்போய்விட்டன, இன்னும் 4 இலட்சம் தந்தால்தான் படகை விடுவேன் என்கிறார் படகு திருத்தும் பாஸ். என்ன செய்யலாம்?

மறுமொழி:
உக்கல் உண்மையாக இருக்கவே கூடும். திருகாணித் துளைகளின் வழியே நீர் இறங்கினால், மேலே பைபர் பளபளப்பாக இருக்க, உள்ளே மரம் அழுகும். இயந்திரமே அந்தச் சட்டங்களின் மேல் அமர்ந்திருப்பதால் இவ்வேலையைத் தள்ளிப்போட முடியாது. சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: நல்ல இடம் கணீரென்றும், கெட்ட இடம் மந்தமாகவும் ஒலிக்கும். பின்பலகையையும் விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி:
முதலில் இயந்திரம். வெளிநீரை நேரே இழுத்துக் குளிரும் இயந்திரம் கடலிலோ நமது வாவியின் உவர்நீரிலோ ஓடியிருந்தால், உள்வழிகள் துருப்பிடித்திருக்கும். என்னுடைய படகில் புகைக்குழாயைக் கழற்றியபோது துரு செதில் செதிலாக உதிர்ந்தது. அன்றே வேலையை நிறுத்திவிட்டேன்.

மறுமொழி:
முன்பு பேசிய வேலை எது, புதிய வேலை எது என்று பிரித்தெழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள். அறுத்தெடுத்த மரத்தை எறிய விடாதீர்கள், அதுவே சான்று. இணங்காவிட்டால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும், பிணக்கைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. வழக்கென்று போனால் படகு வெயிலில் கிடந்தே வெடித்துவிடும்.

கேட்டவர்:
நன்றி. நாளை சுத்தியலுடன் போகிறேன்.