பின்னல் பிரிக்கிறதுக்கு முன்னாடி

நான்: சித்தி, தலை முழுக்கப் பொடிப் பொடியா பின்னல் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. நாளைக்குப் பிரிக்கணும். தலைக்குக் குளிச்சிட்டுப் பிரிச்சா சுலபமா வருமா?

சித்தி: ஐயோ வேண்டாம்டி! சிக்கு எடுக்காம நனைச்சா வேர்கிட்ட சடை பிடிச்சுக்கும். அப்புறம் கத்திரிக்கோல்தான் கதி.

அக்கா: சவுரி சேர்த்துப் பின்னியிருக்கா, சித்தி. பாதியில வெட்டிட்டா சீக்கிரம் முடியுமே?

சித்தி: வெட்டலாம். முதல்ல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு முழுசா பிரிச்சு அவ சொந்த முடி எதுவரைக்கும் இருக்குன்னு பாருங்க. அதுக்கும் நாலு விரல் கீழ வெட்டணும். சந்தேகமா இருந்தா கத்திரியே எடுக்காதீங்க.

பெரியம்மா: நுனியிலேருந்து பிரிடா கண்ணு. வால் சீப்போட காம்பை உள்ள விட்டுத் தளர்த்து, இழுக்காதே.

நான்: ஒண்ணு பிரிச்சேன். கொத்தா வருது!! பயமா இருக்கு 😭

சித்தி: பயப்படாதே. எல்லாருக்கும் ஒரு நாளைக்கு 50லேருந்து 100 முடி உதிரும். பின்னல்ல மாட்டிக்கிட்டதால கீழ விழல. ரெண்டு மாசத்துக்கு 3000லேருந்து 6000 வருது பாரு. உதிர்ந்த முடியோட வேர்ப்பக்க முனையில வெள்ளையா குட்டிக் குமிழ் இருக்கா?

நான்: ஆமா, நிறைய முடியில இருக்கு

சித்தி: அப்போ அது பழைய உதிர்ந்த முடிதான். குமிழ் இல்லாம துண்டு துண்டா வந்தா உடையுதுன்னு அர்த்தம், உடனே கையை மெதுவாக்கு.

அக்கா: வேர்ல சாம்பல் கலர்ல கட்டி இருக்கே?

சித்தி: எண்ணெய், தூசி, உதிர்ந்த முடி எல்லாம் சேர்ந்தது. அங்கதான் பொறுமை வேணும். அதுல மட்டும் கண்டிஷனர் தடவி ஊறவிட்டு, விரலால பக்கவாட்டுல பிரி. அப்புறம்தான் அகலப் பல் சீப்பு, அதுவும் நுனியிலேருந்து மேல. முடிச்ச பகுதியை லூசா முறுக்கி கிளிப் போட்டுக்கோ. கடைசியிலதான் ஷாம்பு.

பெரியம்மா: நெத்தியோரம் எப்படி இருக்கு?

நான்: பின்னின வாரம் கொப்புளம் வந்துச்சு பெரியம்மா. இப்ப முடி மெலிஞ்ச மாதிரி இருக்கு. அடுத்த வாரமே திரும்பப் பின்னலாம்னு இருந்தேன்

சித்தி: வேண்டவே வேண்டாம். இறுக்கிப் பின்னினதோட வேலை அது. இப்பவே விட்டா வளர வாய்ப்பு நிறைய. வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே இருந்தா வேரே செத்துடும். சில வாரம் சும்மா விடு. அங்க முடி தேறலைன்னா தோல் டாக்டர்கிட்ட காட்டிடு.

அக்கா: நான் காலையில வர்றேன், பின்பக்கம் என் பொறுப்பு 👍

சித்தி: ஒரே நாள்ல முடியலைன்னா மிச்சத்தை மறுநாள் வச்சுக்கோங்க. அதுவரைக்கும் தலையை நனைக்கக் கூடாது.