பொருள்: ஸ்கிர்மிஷர் – சிதறுபடையா, தூசியா, உதிரியா?

> ‘சிதறுபடை’ என்று வைத்துக்கொண்டால் என்ன சிக்கல்?

மேசையில் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் ஆட்டத்தின் விதிநூலைத் தமிழாக்கும்போது, பெரும்படைக்கு முன்னால் விரிந்து நின்று சுடும் ஸ்கிர்மிஷருக்கு எந்தச் சொல் என்பதுதானே கேள்வி? ‘சிதறுபடை’யில் சிக்கல் ஒன்றுதான், ஐயா. தமிழில் படை சிதறினால் தோற்றுவிட்டது என்று பொருள். ‘இடப்பக்கப் படை சிதறியது’ என்று விதிநூலில் படிப்பவர் பொம்மைகளை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுவார். ஸ்கிர்மிஷர்களோ வேண்டுமென்றே இடைவெளி விட்டு, கட்டளைக்கு உட்பட்டு நிற்பவர்கள். நெப்போலியன் காலத்தில் இருவர் இருவராக வேலை செய்தார்கள். ஒருவர் சுட்டுவிட்டு மருந்து கெட்டிக்கும்போது மற்றவர் நிரப்பிய துப்பாக்கியோடு காத்திருப்பார். அவர்களைத் தாங்கப் பின்னால் ஒரு கூட்டம் அணி குலையாமல் நிற்கும். இதில் சிதறல் எங்கே இருக்கிறது?

> தூசிப்படை பழைய சொல், அழகான சொல்.

அழகுதான். 767ஆம் குறளில் வரும் ‘தார்’ என்பதற்குப் பரிமேலழகர் தூசி என்றே பொருள் கொள்கிறார். ஆனால் தூசி இடத்தைக் குறிக்கும் சொல். படையின் முன்னால் போவது எதுவோ அது தூசி. தோளோடு தோள் உரசிப் போனாலும் தூசிதான். நம் ஆட்கள் முன்னால் மட்டுமா நிற்கிறார்கள்? பின்வாங்கும் படைக்குக் கடைசிக் காவலாகவும் காட்டோரங்களிலும் இவர்களே இருப்பார்கள். (இன்றைய வாசகர் தூசி என்றதும் துணியைத் தேடுவார் என்பது தனிக்கதை.)

என் சொல்லைச் சொல்வதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆங்கில ஆட்டக்காரர்கள் ஸ்கிர்மிஷ் என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பொம்மை ஓர் ஆளைக் குறிக்கும், பக்கத்துக்குப் பத்திருபது பொம்மை போதும் என்கிற சிறிய ஆட்டத்துக்கும் அதே பெயர். பெரிய போரில் பட்டாலியனுக்கு (சில நூறு பேர் கொண்ட படைப்பிரிவுக்கு) முன்னால் விரிந்து நின்று சுடும் முறைக்கும் அதே பெயர். அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்கத் தேவையில்லை. முதலாவதற்குச் ‘சிறுமோதல் ஆட்டம்’ போதும். அதில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாவதுக்கு வருவோம். கிரேக்கர் கவசம் இல்லாததைப் பார்த்து, வெற்றுடம்புக்காரர் என்ற பொருளில் ப்சிலோய் என்றார்கள். ஜெர்மானியருக்கு இவன் யேகர், வேட்டைக்காரன். பிரெஞ்சுக்காரருக்கு வோல்டிஷர், தாவிக் குதிப்பவன். மேசையில் நம் கண்ணுக்குத் தெரிவதோ உடையோ தொழிலோ அல்ல, நிற்கும் விதம். பொம்மைகளை ஒட்டும் ஒரே அகல அடித்தட்டில் நான்கு பொம்மை நெருங்கி நின்றால் வரிசைப் படை. இரண்டு பொம்மை தள்ளித் தள்ளி நின்றால் இவர்கள்.

அதனால்தான் ‘உதிரி’ என்கிறேன். உதிரிப்பூ என்றால் வாடி விழுந்த பூ இல்லை, தொடுக்காத பூ. நிற்கும் முறைக்கு ‘உதிரி அணி’, ஆளுக்கு ‘உதிரி வீரர்’, எதிர்ச்சொல்லுக்குக் ‘கோத்த அணி’. ‘தொடுத்த அணி’ என்றுதான் முதலில் எழுதினேன். போர் தொடுத்த அணி என்று படித்துவிடுவார்கள் என்று மாற்றினேன்.

இன்னொரு வசதியும் உண்டு. இலகு காலாட்படை என்பது படைப்பிரிவின் பெயர், உதிரி என்பது அப்போதைக்கு நிற்கும் நிலை. இலகு காலாட்படை கோத்த அணியிலும் போரிட்டது. பிரெஞ்சு வரிசைப் படையும் உதிரியாக விரிந்தது. இரண்டையும் ஒன்றாக்கினால் 1806 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் யேனாவில் நெப்போலியன் படைக்கும் பிரஷ்ய அரசின் படைக்கும் நடந்ததை மேசையில் காட்டவே முடியாது. வியர்ட்சேன்ஹைலிகன் கிராமத்தின் வீடுகளிலும் தோட்டச் சுவர்களுக்குப் பின்னாலும் பதுங்கிய பிரெஞ்சுக்காரர்கள், வெட்டவெளியில் நேர்வரிசையில் நின்ற பிரஷ்யரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். பிரஷ்யர் ஒருசேரச் சுடுவதில் தேர்ந்தவர்கள். ஆனால் சுவருக்குப் பின்னால் ஆங்காங்கே தெரியும் தலைகள்மீது ஒருசேரச் சுட்டு என்ன பயன்?

சொல் தேறுமா என்று பார்க்க, விதி வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

‘வரிசைப் பட்டாலியன் ஒரு நகர்வைச் செலவிட்டு உதிரியாக விரியலாம். உதிரியாக நிற்கும் அலகை (படைப்பிரிவை) சுடும்போது பகடை எண்ணில் 1 கழிக்கவும். வெட்டவெளியில் குதிரைப்படை பாய்ந்து வந்தால், உதிரி அலகு நழுவ வேண்டும் அல்லது கோத்துக்கொள்ள வேண்டும்.’

எனக்கு இது தட்டாமல் ஓடுகிறது. ‘உதிர்ந்தது’ என்ற வினையை மட்டும் தொடக்கூடாது, அது செத்து விழுந்த மாதிரி ஆகிவிடும். ‘உதிரிக் கட்சி’ மாதிரி இளக்காரத் தொனி வருகிறதே என்று யாராவது கேட்பீர்கள். வருகிறதுதான். அந்தக் காலத்துத் தளபதிகள் பலரும் இவர்களை அப்படித்தான் பார்த்தார்கள், அதனால் அது எனக்கு உறுத்தவில்லை.

‘நழுவல்’ பற்றித்தான் தயக்கம். எதிரி பாய்ந்ததும் கைகலக்காமல் பின்னால் ஓடி, சுடும் தூரத்தில் மறுபடி நிற்பதற்கு அது பொருந்துமா, கோழைத்தனமாகத் தொனிக்கிறதா? அடுத்த பகுதியை அனுப்புவதற்குள் சொல்லிவிடுங்கள்.