மெனு கார்டை விளம்பரமாக்குவது சரியா?

கல்லாப்பெட்டி:
ஹோட்டல் நடத்தும் நண்பர்கள் நோட்டீஸ், போஸ்டர், இணைய விளம்பரம் என்று பணத்தைக் கொட்டுகிறார்கள். அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பசியோடு வந்து உட்கார்ந்தவர் கையில் வாங்கிப் படிக்கிற விளம்பரம் மெனு கார்டுதான். அதைப் போய் வெறும் விலைப்பட்டியலாக அச்சடித்து வைத்திருக்கிறோம்.

1982-லேயே மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காசவானா, ஸ்மித் இருவரும் இதற்கு வழி சொன்னார்கள். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் இரண்டு கேள்வி: எவ்வளவு விற்கிறது, ஒரு தட்டுக்கு எவ்வளவு நிற்கிறது? இரண்டும் நன்றாக இருந்தால் நட்சத்திரம். நன்றாக விற்றும் லாபம் குறைவென்றால் உழவுக் குதிரை. லாபம் உண்டு, கேட்க ஆளில்லை என்றால் அது புதிர். இரண்டுமே இல்லாததற்கு நாய் என்று பெயர் வைத்தார்கள், அதைக் கார்டிலிருந்து தூக்கிவிடலாம். புதிரை முன்னால் கொண்டுவந்து நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள், விற்கும்.

அடுப்படி:
கணக்கு சரி சார். அந்தக் கணக்கில் அடுப்பு எங்கே இருக்கிறது? நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படித்தான் ஒரு புதிரைக் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் போட்டார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் தனியாகச் செய்ய வேண்டிய ஐட்டம் அது. இரவுக் கூட்டத்தில் அந்த ஓர் அடுப்புக்கு மேலே ஆர்டர் சீட்டு வரிசையாகத் தொங்கியது. பக்கத்து அடுப்புகளில் வேலையே இல்லை. காத்திருந்து நொந்துபோனவர்கள் அந்த ஐட்டத்தை மட்டுமா திட்டினார்கள்? மொத்தக் கடையையும்தான். தட்டுக்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தவர்கள், தட்டுக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்க்கவில்லை.

ஆர்டர் நோட்டு:
நான் மேசையில் நிற்கிறவன், பார்த்ததைச் சொல்கிறேன். விலையெல்லாம் வலது ஓரத்தில் ஒரே கோடாக இருந்தால் விரல் முதலில் அங்கேதான் போகும். மேலிருந்து இறங்கி, கட்டுப்படியாகிற ஒரு விலையில் நிற்கும். அப்புறம்தான் இடது பக்கம் நகர்ந்து அது என்ன ஐட்டம் என்று பார்க்கும். எங்கள் புது கார்டில் விலையை விவரத்தின் கடைசியில், அதே எழுத்தில் சேர்த்துவிட்டார்கள். இப்போது பெயரிலிருந்து படிக்கிறார்கள், "இதுல என்ன போடுவீங்க?" என்று கேட்கிறார்கள்.

கல்லாப்பெட்டி:
இதைத்தான் சொல்கிறேன்! 2009-ல் வெளிவந்த, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று உண்டு. விலையை டாலர் குறியோடு, எழுத்தால், வெறும் எண்ணாக என்று மூன்று விதமாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். வெறும் எண்ணைப் பார்த்தவர்கள்தான் அதிகம் செலவழித்தார்கள்.

அடுப்படி:
அது ஒரே ஓர் உணவகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்த ஆய்வு. எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று எப்படிச் சொல்வீர்கள்? கார்டைத் திறந்ததும் கண் முதலில் ஒரு குறிப்பிட்ட மூலைக்குத்தான் போகும், லாபமான ஐட்டத்தை அங்கே போடு என்று ஆலோசகர்கள் காலங்காலமாகச் சொன்னார்கள். 2012-ல் சிபில் யாங் என்ற ஆய்வாளர் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தார். ஜனங்கள் புத்தகம் படிப்பதுபோல வரிசையாகத்தான் படித்தார்கள், அப்படி ஒரு மூலையே கிடையாது. வர்ணனை சேர்த்தால் விற்பனை 27 சதவீதம் கூடும் என்று 2001-ல் சொன்ன உணவு ஆய்வாளர் வான்சிங்க் கதையும் தெரியுமே? 2018-ல் அவர்மீது ஆய்வு முறைகேடு உண்டு என்று அவர் வேலை பார்த்த கார்னெல் பல்கலைக்கழகமே முடிவு சொன்னது. அவருடைய பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

கல்லாப்பெட்டி:
வான்சிங்க்கை விட்டுவிடுகிறேன், அவரை நம்பி நானும் எதையும் எழுதமாட்டேன். ஆனால் வர்ணனையே வீண் என்று ஆகிவிடாது. 2017-ல் வெளிவந்த ஆய்வில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் காய்கறிக்கு ருசியைத் தூண்டும் பெயர் வைத்தார்கள். சாதாரணப் பெயர் வைத்த நாட்களைவிட 25 சதவீதம் அதிகம் பேர் எடுத்தார்கள். சமைத்த விதத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அடுப்படி:
அந்தக் குழு 2019-ல் வெளியிட்டதையும் சேர்த்துப் படியுங்கள். பல பல்கலைக்கழகங்களில் செய்து பார்த்தபோது, காய்கறியை ருசியாகச் சமைத்த இடங்களில்தான் அந்தப் பெயர்கள் நன்றாக எடுபட்டன. நான் முதலிலிருந்து சொல்வதும் இதுதான். கார்டில் "மொறுமொறு" என்று எழுதினால், கூட்டத்தில் வெந்து இறங்கும் நூறாவது தட்டும் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். அந்த வார்த்தையை எழுதுகிறவர் அடுப்படியில் நிற்பதில்லை.

ஆர்டர் நோட்டு:
மேசையில் நிற்கும் நாங்கள்தான் அதற்குப் பதில் சொல்கிறோம். கார்டைத் திருப்பிக் காட்டி, "இப்படியா எழுதியிருக்கு?" என்று கேட்பார்கள்.

கல்லாப்பெட்டி:
சரி, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த கார்டு அச்சுக்குப் போகும் முன் எங்கள் மாஸ்டரிடம் கொடுக்கிறேன். செய்ய முடியாது என்று அவர் அடிக்கிற வார்த்தை போகட்டும். விலைகளை ஓரமாக வரிசைகட்டிப் போடுவதை மட்டும் எடுத்துவிடுவேன், அதில் மாற்றமில்லை.

அடுப்படி:
எடுங்கள் சார். வயதானவரும் கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில் விலை இருக்கட்டும். அப்புறம் அந்த நிமிஷக் கணக்கு, அதையும் மாஸ்டரிடமே கேளுங்கள்.